தழும்பும் தூசியும்

விழா மலருக்குப் பழைய நிழற்படங்களைத் திரட்டித் தரும் பணியை மலர்க்குழுவினர் எம்மிடம் ஒப்படைத்தனர். கணினியிற் சிறிது பழக்கம் உண்டென்பதே எமக்கிருந்த தகுதி. அப்பணியின்போது நாம் செய்த பிழையொன்றையும் அதனாற் கற்ற பாடத்தையும் ஈண்டு எழுதத் துணிந்தோம்.

திரட்டியவற்றுள் ஒன்று, எம் வகுப்பினர் 1974 ஆம் ஆண்டில் எடுத்துக்கொண்ட கூட்டுப்படம். இரண்டாம் வரிசையில் எமக்கருகே நிற்பவர் இளமையிலேயே காலமான எம் நண்பர். அவர்தம் தமக்கையார் இன்று மாளிகாவத்தைத் தொடர்மாடியொன்றில் வாழ்கின்றார். வெள்ளவத்தையில் அவர்கள் குடியிருந்த வீடு 1983 ஆம் ஆண்டு ஜூலைக் கலவரத்தில் எரிந்தபோது குடும்பப் படங்கள் யாவும் சாம்பராயின. தம்பியின் முகம் அவரிடம் ஒரு சிறு படமாகவேனும் எஞ்சவில்லை. ஆகவே, கூட்டுப்படத்திலிருந்து அம்முகத்தைப் பிரித்தெடுத்துப் பெருப்பித்து, அழகுபடுத்திக் கொடுப்பதென முடிவு செய்தோம்.

படத்துக்குப் புதுத்தோற்றம் அளிக்கும் வித்தை கணினியோடு பிறந்ததன்று. கொழும்பிலே பிறந்து வாழ்ந்த லயனல் வென்ட் (1900–1944) அதனைக் கையாண்டு உயர்ந்த கலைப்படங்களை ஆக்கினார். இருட்டறையில், மருந்து நீரிற் படம் துலங்கிக்கொண்டிருக்கும்போதே கணநேரம் வெளிச்சம் பாய்ச்சினால், ஒளியும் நிழலும் ஓரளவு இடம்மாறும். உருவின் விளிம்பிலே கோடொன்று படரும். சோலரைசேஷன் என்பது அதன் பெயர். ஒருமுறை வந்தது மறுமுறை அவ்வாறே வருதல் அரிது. வென்ட் மறைந்தபின் 1950 ஆம் ஆண்டில் வெளியான அவரது படத் தொகுதியைப் பார்த்தவர்கள் அவர் திறனை அறிவர்.

1990 ஆம் ஆண்டில் முதன்முதல் வெளிவந்த போட்டோஷொப் என்னும் செயலியில் இன்று அப்பெயராலேயே ஒரு வடிப்பான் உண்டு. அது ஒவ்வொரு படப்புள்ளியின் ஒளியையும் 0 முதல் 255 வரையுள்ள ஓர் எண்ணாகக் கொள்கின்றது. நடுவெல்லையைக் கடந்தவற்றை 255 இலிருந்து கழித்துவிடுகின்றது. 200 என்பது 55 ஆகும், அவ்வளவே. விளிம்புகளை மாத்திரம் கோடாக்கும் வடிப்பானும், எண்ணெய் ஓவியம்போல் மாற்றும் வடிப்பானும் அவ்வாறே கணக்குகள்தாம்.

நாம் முதலிற் பழம்படத்தின் தூசியையும் கீறலையும் நீக்கும் வடிப்பானை ஏவினோம். அது ஒரு புள்ளியையும் அதனைச் சூழ்ந்த எட்டினையும் வரிசைப்படுத்தி, நடுவில் நிற்கும் ஐந்தாவது எண்ணை அவ்விடத்தில் வைக்கும். அயலவை யாவும் 60 அளவிலிருக்க ஒன்று மட்டும் 240 ஆயின், அந்த ஒன்று மறைந்துவிடும். நாமோ அதன் எல்லையை மேலும் மேலும் அகட்டினோம். முகம் பளிங்குபோலாயிற்று. அதன்மேல் எண்ணெய் ஓவியச் சாயலும் ஏற்றிச் சட்டமிட்டு, ஒரு மாலைப்பொழுது மாளிகாவத்தைக்குக் கொண்டு சென்றோம்.

தமக்கையார் படத்தைச் சாளரத்தருகே கொண்டுபோய் நெடுநேரம் பார்த்தார். பள்ளிவாசலிலிருந்து பாங்கொலி எழுந்து ஓய்ந்தது. பின்னர், "படம் வடிவாய்த்தான் இருக்குது, தம்பி. ஆனால் அவன்ர புருவத்துத் தழும்பு எங்கை?" என்றார்.

எமக்கு நாவெழவில்லை. கல்லூரி மைதானத்தில் நாம் வீசிய பந்து பட்டே அந்தப் புருவம் பிளந்தது. தானே விழுந்ததாக நண்பர் வீட்டிற் சொல்லி எம்மைக் காத்தார். அந்தத் தழும்பையே நாம் தூசியென்று துடைத்துவிட்டோம். தாளின் கீறல் இன்னது, முகத்தின் தழும்பு இன்னதென்று வடிப்பான் அறியாது. அறிந்திருந்த நாமும் பார்க்கத் தவறினோம். அன்று மாலையே உண்மையைத் தமக்கையாரிடம் சொன்னோம். "அது எனக்கு அப்பவே தெரியும், தம்பி. தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ" என்றார் அவர்.

நல்வாய்ப்பாக, முதலிற் பதிந்த பிரதியை அழியாது வைத்திருந்தோம். அயலிலே படக்கடை நடத்தும் முஸ்லிம் இளைஞர் ஒருவர் வழிகாட்ட, மூலப்படத்தைத் தொடாது அதன்மேல் வேறோர் அடுக்கிட்டு, தூசிப்புள்ளிகளை ஒவ்வொன்றாகக் கையாலேயே நீக்கினோம். மூன்று இரவுகள் சென்றன. அந்தப் படம் இன்று தமக்கையாரின் பிள்ளையார் படத்தருகே இருக்கின்றது.

இம்மலரிலுள்ள பழைய படங்களிற் கீறல்கள் சில எஞ்சியிருத்தலை வாசகர் காண்பர். ஐயமுற்ற இடங்களில் நாம் கைவைக்கவில்லை. எமக்குப்பின் இப்பணியை ஏற்கவிருக்கும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: புதுமைத் தோற்றங்களை விரும்பியவாறு செய்து மகிழுங்கள்; மூலத்தை மட்டும் மாற்றாது தனியே வையுங்கள்; மாற்றிய படத்தின்கீழ் மாற்றியதென்று எழுதுங்கள். நூற்றாண்டு மலரைத் தொகுப்போர்க்கு எம் தோழர்களின் முகங்கள் உள்ளவாறே கிடைக்க வேண்டும்.

வாழ்க எம் கல்லூரி!