குத்துச்சண்டை தெரிந்த உளவியலாளர்

ஜாய்ஸ் பிரதர்ஸ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் உளவியலில் முனைவர் பட்டம் பெற்றது 1953இல். அமெரிக்கா அவர் பெயரைக் கேள்விப்பட்டது 1955இல். காரணம் உளவியல் அல்ல, குத்துச்சண்டை. மகள் பிறந்ததும் கல்லூரி வேலையை விட்டிருந்தார். கணவர் மருத்துவப் பயிற்சியில் இருந்ததால் வீட்டில் வருமானம் குறைவு. தொலைக்காட்சி வினாடி வினா ஒன்றுக்கு விண்ணப்பித்தார். மெலிந்த பெண் ஒருத்தி உளவியல் பேசுவதைவிடக் குத்துச்சண்டை பேசினால்தான் கூட்டம் சேரும் என்பது தயாரிப்பாளர்களின் கணக்கு. அவர் தடித்த புத்தகங்களை மனப்பாடம் செய்துகொண்டு போனார். நடுவர்களின் பெயர்களைக்கூடக் கேட்டார்கள். அதற்கும் பதில் சொல்லி 64,000 டாலர் பரிசை வென்றார். 1958இல் அவருக்கென்று ஒரு நிகழ்ச்சி கிடைத்தது.

ஒரு பெண்ணின் பட்டத்துக்குக் கிடைக்காத மேடை, அவள் ஒரு வேடிக்கையாக ஆனபோது கிடைத்தது. என் மாணவிகளிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். பிறகு அமைதியாகிவிடுவார்கள்.

நான் மதுரையில் ஆலோசனை உளவியலாளராக இருக்கிறேன். வானொலியிலும் தொலைக்காட்சியிலும் பேச ஆரம்பித்துப் பதினோரு வருடங்கள் ஆகின்றன. தேர்வு பயம், மாமியார் மருமகள், பிள்ளை வளர்ப்பு என்றால் என்னைக் கூப்பிடுவார்கள். தேர்தல் நேரத்தில் கூட்டத்தின் மனநிலை பற்றிப் பேச வேண்டும் என்றால், என்னோடு படித்த ஆண் நண்பரைக் கூப்பிடுவார்கள். உளவியல் ஒன்றுதான், ஆனால் சமையலறைக்குள் இருப்பது எனக்கு, தெருவில் இருப்பது அவருக்கு.

இன்னொரு பக்கம், என் துறைக்காரர்களின் ஏளனம். கருத்தரங்குகளில் என்னை ‘டிவி மேடம்’ என்று அறிமுகப்படுத்துவார்கள். பிரதர்ஸின் உறுப்பினர் பதவியையே பறிக்க வேண்டும் என்று சங்கத்துக்குள் குரல்கள் எழுந்தன. நேரில் பார்க்காத ஒருவருக்கு எப்படி ஆலோசனை சொல்லலாம் என்பது அவர்கள் கேள்வி. அந்தக் கேள்வியை நான் ஒதுக்கவில்லை, அது நியாயமானது. ஆனால் நேரில் வர முடியாதவள் எங்கே போவாள் என்பதையும் சேர்த்துக் கேட்டிருக்க வேண்டும். மாதவிடாய் நிற்பது பற்றியும் படுக்கையறைச் சிக்கல்கள் பற்றியும் மற்றவர்கள் வாய் திறக்காத காலத்தில் பிரதர்ஸ் தொலைக்காட்சியில் பேசினார். 1980களில் அமெரிக்க உளவியல் சங்கத்திலேயே ஊடக உளவியலுக்கென ஒரு பிரிவு உருவானது.

எங்கள் நிகழ்ச்சிக்கு வரும் அழைப்புகளில் பாதி, குரலைத் தாழ்த்தித்தான் வரும். “பேரு வேணாம் மேடம்” என்றுதான் ஆரம்பிக்கும். பின்னால் குக்கர் விசில் கேட்கும். யாரோ கதவைத் திறக்கும் சத்தம் வந்தால் இணைப்பு துண்டிக்கப்படும். ஒரு பெண் கேட்டாள்: “அவர் அடிச்சதுக்கப்புறம் எனக்குத் தூக்கம் வரமாட்டேங்குது. தூக்கம் வர ஒரு வழி சொல்லுங்க.” தொகுப்பாளர் உடனே, “நேயருக்குச் சுருக்கமா ஒரு டிப்ஸ் சொல்லுங்க மேடம்” என்றார். விளம்பர இடைவேளைக்கு நாற்பது நொடி இருந்தது.

இந்தத் தொழிலின் முழுச் சிக்கலும் அந்த நாற்பது நொடிதான். ஊடகத்துக்குத் தீர்ப்பு வேண்டும். மூச்சுப் பயிற்சி சொல்லியிருந்தால் நிகழ்ச்சி அழகாக முடிந்திருக்கும். அடிப்பவன் கதையிலிருந்து நழுவியிருப்பான், தூக்கமின்மை அவளுடைய நோயாகியிருக்கும். பெண்ணின் துன்பத்தை அவள் மண்டைக்குள் இருக்கும் கோளாறாகச் சுருக்கித் தருவது ஊடக உளவியலில் மிக எளிதாகச் செய்யக்கூடிய வேலை. அதற்குக் கைதட்டலும் கிடைக்கும்.

நான் சொன்னது இவ்வளவுதான்: “தூக்கம் வராதது உங்க குறை இல்லம்மா. அடி வாங்குற வீட்ல உடம்பு விழிச்சுத்தான் இருக்கும். 181க்குப் பேசுங்க, பெண்களுக்கான உதவி எண் அது. மனசு விட்டுப் பேச 14416, இருபத்துநாலு மணி நேரமும் தமிழ்லயே பேசலாம், கட்டணம் இல்ல.” அவளுக்கு என்ன நோய் என்று நான் சொல்லவில்லை. கணவனை விட்டுப் போ என்றோ பொறுத்துப் போ என்றோவும் சொல்லவில்லை. பார்க்காத ஒருத்தியின் வாழ்க்கையை முடிவு செய்ய எனக்கு உரிமையில்லை. அவளைத் தனியாக விட்டுவிடவும் உரிமையில்லை.

படிப்பு முடித்து இந்த வேலைக்கு வர நினைக்கும் பெண்களே, சம்பளம் சொற்பம். பல அரங்குகளில் ஒரு காபியோடு சரி. உங்கள் புடவையைப் பற்றி வரும் கடிதங்கள் உங்கள் பேச்சைப் பற்றி வருவதைவிட அதிகம். ஆனாலும் வாருங்கள். நீங்கள் உட்காராத நாற்காலியில் ‘அனுசரித்துப் போங்கள்’ என்று சொல்லும் ஒருவர் உட்காருவார். கதவைச் சாத்திக்கொண்டு கேட்பவள் அன்றைக்கும் கேட்டுக்கொண்டிருப்பாள்.