கடல் இல்லாத தீவில் ஒரு டியூட்டி!

இங்கிலாந்தில் மருத்துவம் படிக்கிற பசங்களுக்கு 'எலெக்டிவ்' என்று ஒரு சலுகை உண்டு. படிப்பு முடியப்போகிற நேரத்தில் ஆறு வாரம், எட்டு வாரம் என்று உலகத்தில் எந்த ஆஸ்பத்திரிக்கு வேண்டுமானாலும் போய் வேலை கற்றுக்கொள்ளலாம். நிறைய பேர் எங்கே போவாங்க தெரியுமா? மொரீஷியஸ், ஃபிஜி, ஜான்சிபார், நம்ம பக்கத்து வீட்டு இலங்கை. காலையில் வார்டு, சாயங்காலம் பீச். ஆல்பம் நிறைய தென்னை மரம். கேட்கும்போதே வயிறு எரியுதா?

எரிய வேண்டாம். நம்ம எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்திலும் 2019-ல் சேர்ந்த பேட்ச்சிலிருந்து எலெக்டிவ் வந்தாச்சு. அதுபோக ஹவுஸ் சர்ஜன் வருஷத்தில் சமூக மருத்துவ போஸ்டிங், நர்சிங் படிக்கிறவங்களுக்கு கம்யூனிட்டி போஸ்டிங் எல்லாம் இருக்கு. பெரும்பாலான பேர் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு சென்டரைப் பிடித்து, கையெழுத்து வாங்கி, அட்டெண்டன்ஸை முடித்துக்கொண்டு எஸ்கேப் ஆகிவிடுகிறார்கள். கொஞ்சம் பொறுங்க. பாஸ்போர்ட், விசா எதுவும் கேட்காத ஒரு தீவு நம்ம மாநிலத்திலேயே இருக்கு. கடல் மட்டும் கிடையாது. கல்வராயன் மலை.

பஸ் ஏற வேண்டியது கள்ளக்குறிச்சி. உளுந்தூர்பேட்டையிலிருந்து சேலம் போகிற ரோட்டில் இருக்கிற ஊர். கரும்பு லாரி, அரிசி ஆலை, மரச்சிற்பக் கடை... (அந்த மரச்சிற்பத்துக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊருக்குத் திரும்பும்போது பட்ஜெட் இருந்தால் ஒரு குட்டிப் பிள்ளையார் வாங்கிக்கலாம்.) விழுப்புரத்திலிருந்து பிரிந்து 2019 நவம்பர் 26-ல் தனி மாவட்டம் ஆனது. சிறுவங்கூரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. அதற்கு முன்னால் பெரிய கேஸ் என்றால் சேலத்துக்கோ, முண்டியம்பாக்கத்துக்கோ, புதுச்சேரி ஜிப்மருக்கோதான் வண்டி ஓடும்.

கல்லூரியின் முதல் பேட்ச் இன்னும் படிப்பை முடிக்காத நேரத்தில்தான் அந்த ஜூன் மாதம் வந்தது. 2024 ஜூன் 18, 19. கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச்சாராயம் குடித்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். சாவு 60-ஐத் தாண்டியது. நீங்க புத்தகத்தில் படிக்கிற அதே மெத்தனால்தான். உடம்புக்குள் போய் ஃபார்மிக் அமிலமாக மாறும். கண் பார்வையைப் பறிக்கும், மூச்சைப் பிடிக்கும். கஷ்டம் என்னன்னா, அறிகுறி உடனே வராது. பல மணி நேரம், சில சமயம் ஒரு நாள்கூட ஆகும். 'நேத்து குடிச்சதுக்கு இன்னைக்கா வயித்து வலி வரும்?' என்று வீட்டில் படுத்தே கிடந்துவிடுவார்கள். முறிவு மருந்து ஃபோமெபிசோல். அது இல்லாத இடத்தில் எத்தனால், அதாவது சுத்தமான சாராயம்! முத்திப்போனால் டயாலிசிஸ். பரீட்சையில் ரெண்டு மார்க் கேள்வியாக வந்துபோகிற இந்த விஷயம், ஒரே இரவில் ஒரு தெருவையே காலி செய்தது.

அப்புறம் எல்லார் பார்வையும் மலைப்பக்கம் திரும்பியது. கல்வராயன் என்றாலே காய்ச்சுற மலை என்று ஒரு முத்திரை ரொம்ப நாளா இருக்கு. ஆனால் மெத்தனால் தொழிற்சாலைச் சரக்கு; மலையில் ஊறல் போட்டு எடுக்கிறது அல்ல. மலைக்கு ஏறுவதற்கு முன்னால் இந்த முத்திரையைக் கழற்றி அடிவாரத்தில் வைத்துவிட்டுப் போங்க. ஓ.பி.யில் உட்கார்ந்து, வருகிற ஒவ்வொரு ஆம்பளையையும் சந்தேகமாகப் பார்த்தால் யாரும் உங்ககிட்ட உண்மையான ஹிஸ்டரி சொல்ல மாட்டாங்க.

சரி, ஏறுவோம். கச்சிராயப்பாளையம், கோமுகி அணை, அப்புறம் கொண்டை ஊசி வளைவுகள். கரும்பு வயல் கீழே சுருங்கிக்கொண்டே போகும். ஜன்னலோரம் உட்கார்ந்தால் காற்று மாறுவது தெரியும். கரியாலூர் தாண்டி வெள்ளிமலை. மலைத் தாலுகாவுக்கு அதுதான் தலைநகர். தலைநகர் என்றதும் பெரிசா கற்பனை பண்ணிக்காதீங்க. ஒரு கடைத்தெரு, ஆபீஸ்கள், டீக்கடை, அவ்வளவுதான். கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு துண்டு இது. பெரும்பகுதி 2,000 அடியிலிருந்து 3,000 அடி உயரம், சுமார் 1,095 சதுர கிலோமீட்டர் பரப்பு. ஒரு பக்கம் கள்ளக்குறிச்சி, மறுபக்கம் சேலம் மாவட்டத்து கருமந்துறை.

இங்கே இருக்கிறவர்கள் மலையாளிகள். கேரளா இல்லை, மச்சி! மலையை ஆள்கிறவர்கள் என்ற அர்த்தத்தில் மலையாளி. பேசுவது தமிழ்தான். காஞ்சிபுரத்திலிருந்து அண்ணன் தம்பிகளாகக் கிளம்பி வந்தவர்கள், ஆளுக்கொரு மலையில் தங்கிவிட்டார்கள் என்று அவர்களே சொல்கிற கதை உண்டு.

தீவு என்று சும்மா சொல்லவில்லை. நாடு சுதந்திரம் அடைந்த பிறகும் இந்த மலை ஜாகிர்தார்கள் கையில் இருந்தது. அரசு நிர்வாகத்தின் கீழ் முழுசாக வந்தது 1976-ல். விஷச்சாராயச் சாவுகளுக்குப் பிறகு 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலையைப் பற்றித் தானாகவே முன்வந்து வழக்கு எடுத்தது. மலைக்காரர்களுக்கு ஓட்டுரிமை கிடைத்ததே 1996-ல்தான் என்ற விஷயம் அதில் பேசப்பட்டபோது, பேப்பர் படித்த பாதிப்பேருக்கு அது அச்சுப்பிழையோ என்று தோன்றியிருக்கும். நம்ம கிளாஸில் இருக்கிற பசங்களின் அப்பா அம்மா காலேஜ் முடித்துக்கொண்டிருந்த காலம் அது!

இப்போ டியூட்டிக்கு வருவோம். மலையில் ஓ.பி. பார்க்க உட்கார்ந்தால் முதல் நாளே ஒரு விஷயம் பிடிபடும். காலேஜில் ஹிஸ்டரி எடுக்கச் சொல்லிக் கொடுத்தபோது என்ன வலி, எத்தனை நாளா, சுகர் இருக்கா என்று கேட்கக் கற்றுக்கொடுத்தார்கள். மலையில் அதற்கு முன்னால் கேட்க வேண்டியது: "எந்த ஊரு? எப்படி வந்தீங்க?"

ஒரு கர்ப்பிணி வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்க. பிரசவ தேதியைக் கணக்குப் போட்டு அட்டையில் எழுதிவிட்டால் கீழே டவுனில் வேலை முடிந்தது. இங்கே முடியாது. அந்தத் தேதி ஐப்பசி மழையில் விழுகிறதா? ஊருக்கும் தார் ரோட்டுக்கும் நடுவில் ஓடை இருக்கா? ராத்திரி வலி வந்தால் போன் பேச சிக்னல் எந்த மேட்டில் கிடைக்கும்? தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் 2008-ல் ஓட ஆரம்பித்தது, ஆனால் ஆம்புலன்ஸ் தார் ரோடு வரைதான் வரும். அதுவரை கட்டிலிலோ டோலியிலோ நாலு பேர் தோள். அதனால்தான் மலைப்பகுதி ஆரம்ப சுகாதார நிலையங்கள் சிலவற்றில் பிரசவத்துக்கு முன்னாடியே வந்து தங்கிக்கொள்ள ஓர் அறை ஒதுக்கினார்கள். வந்து தங்கச் சொன்னால் "வீட்டுல மத்த புள்ளைங்களுக்கு யாரு சோறு ஆக்குறது?" என்று பதில் வரும். அந்தக் கேள்விக்கு உங்க மகப்பேறு புத்தகத்தில் எந்தப் பக்கத்திலும் விடை இல்லை. அந்த ஊர் நர்ஸம்மாவிடம்தான் இருக்கும். போஸ்டிங் முழுக்க அவங்க பின்னாலேயே நடந்தாலும் லாபம் உங்களுக்குத்தான்.

அடுத்தது பாம்பு. மரவள்ளிக் காட்டில் வெறுங்காலோடு வேலை, வீட்டில் தரையில் பாய் போட்டுத் தூக்கம். நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்று நாலு பேரையும் மனப்பாடம் பண்ணியிருப்பீங்க. இதில் கட்டு விரியன் பெரும்பாலும் ராத்திரி தூக்கத்தில் கடிக்கும். வலியே தெரியாமல் போகலாம், பல் பட்ட அடையாளம்கூட இருக்காது. விடிகாலையில் வயிற்று வலி, கண்ணிமை தொங்குது என்று வருவார்கள். 'எதுவும் கடிக்கலை டாக்டர்' என்பார்கள். நம்பி மாத்திரை கொடுத்து அனுப்பினால் போச்சு.

விரியன் விஷம் ரத்தத்தில் ஏறியிருக்கா என்று பார்க்க பெரிய லேப் வேண்டாம். சுத்தமான, காய்ந்த கண்ணாடி டெஸ்ட் டியூப், ரெண்டு மில்லி ரத்தம், ஆடாமல் அசையாமல் 20 நிமிஷம். சாய்த்துப் பார்த்தால் உறையாமல் ஓடுகிறதா? விஷமுறிவு மருந்தை ஆரம்பிக்க வேண்டியதுதான். வழக்கமாக பத்து குப்பி, டிரிப்பில். பக்கத்தில் அட்ரினலின் தயாராக இருக்கணும், ஏன்னா மருந்தே ஒவ்வாமை பண்ணலாம். அந்த மருந்துக்கு வேண்டிய விஷத்தை எடுத்துக் கொடுப்பது யார் தெரியுமா? மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில் 1978-ல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவு சங்கத்துக்கு அதில் பெரிய பங்கு உண்டு. ஒரு பழங்குடி பிடித்துக் கொடுத்த விஷம், குதிரை ரத்தம் வழியாக மருந்தாகி, இன்னொரு பழங்குடியின் கை நரம்பில் ஏறுது. 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக்கியது. ஸோ, ஒவ்வொரு கடியும் இப்போ கணக்கில் வரணும். மலையில் நீங்க எழுதுகிற ஒரு வரிக்கும் மதிப்பு இருக்கு.

ஒரு கண்டிஷன். வெளிநாட்டு எலெக்டிவ் போகும் பசங்களைப் பற்றி அவங்க ஊரிலேயே ஒரு புகார் உண்டு: சொந்த ஊரில் தொட விடாத வேலையை ஏழை நாட்டு நோயாளி மேல் பழகிப் பார்க்கிறார்கள் என்று. 'இங்கே செய்யக்கூடாததை அங்கேயும் செய்யாதே' என்றுதான் இப்போது அங்கே சொல்லி அனுப்புகிறார்கள். நமக்கும் அதே சட்டம்தான். மலைக்காரங்க கேள்வி கேட்க மாட்டாங்க என்பதற்காக தையல் பழகக் கூடாது. லேபர் வார்டில் செல்போன் எடுத்தீங்கன்னா... வேண்டாம், திட்டிவிடுவேன்.

ஞாயிற்றுக்கிழமை என்ன பண்றது என்கிறீர்களா? அதுக்கும் பஞ்சமில்லை. வெள்ளிமலை பக்கம் பெரியார் நீர்வீழ்ச்சி ரோட்டிலிருந்து ஈஸியா போய்விடலாம். மேகம் நீர்வீழ்ச்சிக்கு நடக்கணும். மூச்சு வாங்கும், போய்ச் சேர்ந்ததும் மறந்துவிடும். மழைக்காலத்தில் உள்ளூர் ஆள் 'வேண்டாம்'னு சொன்னால் இறங்காதீங்க. மேலே எங்கேயோ பெய்த மழை நிமிஷத்தில் கீழே வந்துவிடும். கரியாலூரில் படகு குழாம், குழந்தைகள் பூங்கா உண்டு. சாமைச் சோறும் கேழ்வரகுக் களியும் எங்கேயாவது ஒரு வீட்டில் கிடைத்தால் கூச்சப்படாமல் உட்காருங்க. கடைகளில் மூட்டை மூட்டையாகக் கடுக்காய் பார்க்கலாம். சித்த மருத்துவம் படிக்கிற நண்பர் யாராவது கூட இருந்தால் திரிபலா பற்றி அரை நாள் பேசுவார், ஜாக்கிரதை.

நேரம் இருந்தால் மலைக்கு மேற்கே சிட்லிங்கிக்குப் போய்ப் பாருங்க. கல்வராயனுக்கும் சித்தேரி மலைக்கும் இடையில், தர்மபுரி மாவட்டத்துப் பள்ளத்தாக்கு. ரெஜி ஜார்ஜ், லலிதா என்று ரெண்டு டாக்டர்கள். கணவன் மனைவி. 1993-ல் அங்கே போய் ஓலைக் குடிசையில் ஆஸ்பத்திரி ஆரம்பித்தார்கள். அப்போது அந்தப் பகுதியில் பிறக்கிற 1,000 குழந்தைகளில் 147 ஒரு வயசைத் தாண்டவில்லை. அவர்கள் வெளியூரிலிருந்து நர்ஸ்களைக் கூட்டி வரவில்லை. அந்த ஊர்ப் பெண்களுக்கே பிரசவம் பார்க்கவும், ஊசி போடவும், ஆபரேஷன் தியேட்டரில் கூட நிற்கவும் சொல்லிக் கொடுத்தார்கள். ஒவ்வொரு ஊரிலும் ஒரு சுகாதாரப் பணியாளர், அவரும் அந்த ஊர்க்காரர். குழந்தைச் சாவு 20 அளவுக்கு இறங்கியது. அப்புறம் ஆஸ்பத்திரியோடு நிற்காமல் இயற்கை விவசாயிகள் சங்கம், லம்பாடிப் பெண்களின் 'போர்கை' எம்பிராய்டரி என்று விரிந்தது. போர்கை என்றால் லம்பாடி மொழியில் பெருமிதம். ரெண்டு பேரும் ஆலப்புழை மருத்துவக் கல்லூரி மாணவர்கள். அவர்களும் ஒருகாலத்தில் நம்மை மாதிரி கேன்டீனில் உட்கார்ந்து 'அடுத்து என்ன?' என்று பேசியவர்கள்தான்.

கிளம்புகிறவர்களுக்கு: கல்லூரி மூலமாக மாவட்ட சுகாதார அலுவலகத்தில் முன்கூட்டியே அனுமதி வாங்கிக்கொள்ளுங்க. மார்கழி, தை என்றால் ஸ்வெட்டர் கட்டாயம். டார்ச் லைட், நல்ல செருப்பு இல்லை, ஷூ. சாயங்கால பஸ் போனால் மறுநாள்தான் என்கிற ஊர்களும் உண்டு, டிரைவர் அண்ணனிடம் நேரத்தைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்க. ஒரு சின்ன நோட்டும் இருக்கட்டும். முதல் பக்கத்தில் மருந்து டோஸ் எழுத வேண்டாம். எந்த ஊருக்கு எந்த ஓடை குறுக்கே வரும் என்று நர்ஸம்மாவைக் கேட்டு எழுதுங்க.