கையால் சுழற்றிப் பார்த்தல்

வரலாற்றுப் பாடத்தில் ஒருநாள் இரண்டாம் உலகப் போரைப் பற்றிக் கூறிக்கொண்டிருந்தேன். 1942 ஏப்ரல் 4 ஆம் திகதி கொக்கலையிலிருந்து சென்ற கற்றலினா விமானமொன்றே, இலங்கையை நோக்கி வந்த ஜப்பானியக் கடற்படையைக் கண்டு அறிவித்தது. மறுநாள் கொழும்பு தாக்கப்பட்டது. "சேர், அந்த விமானத்தைத் திறப்புப் போட்டவுடனே ஸ்ரார்ட் பண்ணலாமா?" என்று ஒரு மாணவன் கேட்டான். கலைப் பட்டதாரியான எனக்குப் பதில் தெரியவில்லை. தேடி வாசித்தேன்.

கற்றலினாவின் இரண்டு இயந்திரங்களிலும் தலா 14 உருளைகள் இருந்தன. அவை நடுத்தண்டைச் சுற்றி வட்டமாக, ஏழு ஏழாக இரு வரிசைகளில் அமைந்தவை. இவ்வகை இயந்திரம் ஓய்ந்து நிற்கும்போது எண்ணெய் மெல்லக் கசிந்து கீழ்ப்பக்க உருளைகளில் தேங்கும். திரவத்தை இலகுவில் அமுக்க முடியாது என்பதை விஞ்ஞான பாடத்தில் கற்றிருப்பீர்கள். அந்நிலையில் இயந்திரத்தை முடுக்கினால் முசலம் எண்ணெயில் மோதும். இணைப்புத் தண்டு வளைந்துவிடும்.

ஆகவே இன்றும் பறக்கும் இத்தகைய பழைய போர் விமானங்களில், மின்பொறி நிறுத்தப்பட்டிருப்பதை உறுதிசெய்தபின், முன்விசிறியைக் கையால் மெதுவாகச் சுழற்றிப் பார்க்கிறார்கள். இடையில் இறுகினால் உடனே நிறுத்துவர். பலங்கொண்டு தள்ளமாட்டார்கள். பின்பக்கமாகவும் சுழற்றமாட்டார்கள். அப்படிச் சுழற்றினால் எண்ணெய் உள்ளெடுப்புக் குழாய்க்குள் ஒதுங்கி, இயந்திரத்தை முடுக்கும்போது மீண்டும் உருளைக்குள் வந்துவிடும். கீழ் உருளைகளின் பிளக்குகளைக் கழற்றி எண்ணெயை வடியவிடுவதே சரியான வழி.

என்னைச் சிந்திக்க வைத்தது இன்னொரு விடயம். தண்டு சற்றே வளைந்திருந்தாலும் இயந்திரம் இயங்கக்கூடும். ஓசையிலும் வித்தியாசம் தெரியாதிருக்கலாம். பின்னொரு நாள் வானத்தில் வைத்து அது முறியலாம்.

நான் பத்தாம் தரத்தில் அட்சரகணிதப் பின்னங்கள் விளங்காமலே, செய்த கணக்குகளை மனனம் செய்தேன். தவணைப் பரீட்சைகளில் புள்ளிகள் கிடைத்தன. எவருக்கும் எதுவும் தெரியவில்லை. சாதாரண தரப் பரீட்சையில் கணிதத்தில் சித்தியடையவில்லை. பெறுபேறு வந்த அன்று அம்மா ஒரு வார்த்தையும் பேசாமல் தேநீர் தந்ததை இன்றும் மறக்க முடியவில்லை. மறு ஆண்டு, என்னிலும் இளையவர்களுடன் அமர்ந்து மீண்டும் எழுதினேன்.

மாணவர்களே, இந்நூலிலுள்ள வினாக்களை ஒவ்வொன்றாகச் செய்து பாருங்கள். ஓரிடத்தில் விளங்காமல் இறுகினால், விடைப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்துக் கடந்துவிடாதீர்கள். அங்கேயே நின்று ஆசிரியரிடம் கேளுங்கள். நேரம் செல்லும், செல்லட்டும். தரையில் கண்ட குறையைத் தரையிலேயே திருத்திக்கொள்ளலாம்.