ஐம்பது பீஸ் எங்கே போனது?

ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டதும், 'நான் செய்த சாஃப்ட்வேர்' என்று பெருமையாக எழுதலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். ஆனால் நடந்ததை நடந்தபடி எழுதினால், அது நான் செய்த தவறைப் பற்றிய கட்டுரையாகத்தான் வருகிறது. பரவாயில்லை. நாளைக்கு ஏதாவது ஒரு கம்பெனியின் கணக்கில் கை வைக்கப் போகிறவர்கள் நாம். அதனால் இதுவே பயன்படும்.

போன விடுமுறையில் அப்பா வேலை செய்யும் பட்டறைக்குப் போனேன். கோவையில் சந்துக்குச் சந்து இருக்கிற பட்டறைகளில் அதுவும் ஒன்று. பவுண்டரியில் இம்பெல்லர் காஸ்டிங் வாங்கி, லேத்தில் கடைந்து, பம்பு கம்பெனிகளுக்குக் கொடுப்பார்கள். மொத்தம் பன்னிரண்டு பேர் வேலை. முதலாளி என்னைப் பார்த்ததும், "தம்பி, கம்ப்யூட்டர்தானே படிக்கிறே? நம்ம ஸ்டோர் கணக்கைக் கம்ப்யூட்டர்ல ஏத்திக் குடு சாமி. வெளிய கேட்டா கட்டுபடியாகிற ரேட்டா சொல்றாங்க?" என்றார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. என் செட்டு ஒருவனையும் சேர்த்துக்கொண்டு, நாங்களே புரோகிராம் எழுத உட்கார்ந்தோம். மூன்று வாரம் ஓடியது. பில் அடித்தது. ஆனால் பில் போட்டால் ஸ்டாக் குறையவில்லை. ஸ்டாக்கைக் குறைத்தால் பார்ட்டி பாக்கி ஏறவில்லை. ஒன்றைச் சரி செய்தால் இன்னொன்று போச்சு!

அப்போதுதான் எங்கள் லேப் சார், "ஏற்கெனவே எழுதி, எல்லாரும் படிக்கும்படி திறந்து வைத்திருக்கிறார்கள். அதை முதலில் பாருங்கள்" என்றார். பெல்ஜியத்தில் ஃபேபியன் பின்கெர்ஸ் என்பவர் 2005-இல் டைனி ஈ.ஆர்.பி. என்று ஒன்றை வெளியிட்டார். அது பிறகு ஓப்பன் ஈ.ஆர்.பி. ஆகி, 2014 முதல் ஓடூ என்ற பெயரில் இருக்கிறது. நம் நாட்டிலேயே, மும்பையில் ருஷப் மேத்தா தொடங்கிய ஃபிராப்பே கம்பெனியின் ஈ.ஆர்.பி.நெக்ஸ்ட் இருக்கிறது. இரண்டுமே பெரும்பாலும் பைத்தான் மொழியில் எழுதப்பட்டவை. நாங்கள் ஈ.ஆர்.பி.நெக்ஸ்ட்டை எடுத்துக்கொண்டோம்.

இது ஜி.என்.யு. பொது உரிமத்தில் வருகிறது. ரிச்சர்ட் ஸ்டால்மன் 1989-இல் முதன்முதலாக வெளியிட்ட உரிமம் அது. பலரும் 'ஓசி சாஃப்ட்வேர்' என்று நினைக்கிறார்கள். விஷயம் அதுவல்ல. எந்த வேலைக்கும் ஓட்டலாம், உள்ளே எப்படி வேலை செய்கிறது என்று படிக்கலாம், நமக்கு வேண்டியபடி மாற்றலாம், மாற்றியதை அடுத்தவருக்கும் கொடுக்கலாம். இந்த நான்கு உரிமைகள்தான் அதன் உயிர். மற்றபடி மெஷின் செலவு, நம் உழைப்பு, தூக்கம் எதுவும் ஓசியில் வராது. லினக்ஸ் போட்டு, மரியா டி.பி. போட்டு, அதன் மேல் இதை ஓட வைக்கவே எங்களுக்கு நான்கு நாள் ஆனது.

ஓடியதும் அசந்து போனோம். சரக்கு வந்த சீட்டு ஒன்றை உறுதி செய்தால் போதும். ஸ்டாக் பேரேட்டில் ஒரு வரி. கணக்குப் பேரேட்டில் பற்று ஒரு வரி, வரவு ஒரு வரி. எல்லாம் ஒரே நேரத்தில் விழுகிறது. மூன்று வாரம் நாங்கள் முட்டிக்கொண்ட இடம் இதுதான்!

ஆனால் சிக்கல் வேறு இடத்தில் காத்திருந்தது. பவுண்டரிக்காரர் காஸ்டிங்கைக் கிலோ கணக்கில் பில் போடுவார். லேத்துக்குப் போவது எண்ணிக்கையில். அதனால் ஒரு பீஸ் எத்தனை கிலோ என்று ஒரு முறை சொல்லிவிட்டால், மற்றதைக் கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுக்கொள்ளும். நான் ரேக்கில் இருந்து ஒரு இம்பெல்லரை எடுத்துத் தராசில் வைத்தேன். 1.2 கிலோ. அதையே பதிந்தேன். அந்த மாதம் வந்த 540 கிலோவும் 450 பீஸ் ஆனது.

மாதக் கடைசியில் முதலாளி ஸ்கிரீனைப் பார்த்தார். வரவு 450, லேத்துக்குக் கொடுத்தது 310, மீதி 140. ரேக்கில் எண்ணினால் 90 தான் இருந்தது!

ஸ்டோர் பார்ப்பவரை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். இருபத்திரண்டு வருடம் அங்கேயே இருப்பவர். அவர் தன் நீள நோட்டைக் கொண்டு வந்து, "வந்ததே நானூறுதானுங்க. நான் எண்ணித்தானே இறக்குனேன்" என்றார். முதலாளி நோட்டைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. "நோட்டு நீ எழுதுனது. கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா? அம்பது பீஸ் எங்க போச்சு?" என்றார். மாமா ஒன்றும் பேசவில்லை. ஸ்டோர் சாவியை மேஜை மேல் வைத்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

நான் அங்கேதான் நின்றேன். உள்ளுக்குள் எனக்கும் அவர் மேல் சந்தேகம்தான். அதைச் சொல்ல இன்றும் வெட்கமாக இருக்கிறது.

அன்று ராத்திரி சாப்பிடும்போது அப்பாவிடம் சொன்னேன். அப்பா ஐந்தாவது வரைதான் படித்தவர். சோற்றில் கையை வைத்தபடியே கேட்டார்.

"பீஸ் ஒண்ணு எத்தனை கிலோன்னு போட்டே?"

"ஒண்ணே கால் கிலோவுக்குக் கொஞ்சம் கம்மிங்கப்பா. நானே எடை போட்டேன்."

"எந்த பீஸை?"

"ரேக்குல இருந்துச்சே, பளபளன்னு."

"அது கடைஞ்ச பீஸுடா! பவுண்டரிக்காரன் பில்லு போடறது கடையாத பீஸுக்கு. நான் நாள் பூரா சீவித் தள்றனே இரும்பு, அதுக்கு எடை இல்லையா?"

சோறு தொண்டையில் இறங்கவில்லை. மறுநாள் விடியலில் போய், கடையாத காஸ்டிங் பத்தை எடை போட்டோம். பதிமூன்றரைக் கிலோ. ஒன்று 1.35. 540 கிலோவை 1.35-ஆல் வகுத்தால் சரியாக 400! மாமாவின் நோட்டில் இருந்த அதே எண்.

கம்ப்யூட்டர் பொய் சொல்லவில்லை. நான் சொன்ன பொய்யைப் பிசகாமல் பெருக்கிக் காட்டியது. நிரலைத் திறந்து அந்தப் பெருக்கல் நடக்கும் வரியைத் தேடிப் பார்த்தோம். அளவையும் மாற்று விகிதத்தையும் பெருக்கு என்று ஒரே ஒரு வரி. விகிதம் சரியா என்று அது எப்படிக் கேட்கும்?

இனி திருத்துவது எப்படி? 'ஸ்டாக் ரீகன்சிலியேஷன்' என்று ஒரு சீட்டுப் போட்டால் ஒரே நிமிடத்தில் 140-ஐ 90 ஆக்கிவிடலாம். என் செட்டு அதைத்தான் சொன்னான். "யாருக்கும் தெரியாதுடா" என்றான். ஆனால் அப்படிச் செய்தால் ஐம்பது பீஸ் குறைந்ததாகவே பேரேட்டில் நிற்கும். இல்லாத சரக்கின் பழி இருக்கிற மனிதர் மேலேயே நிற்கும்.

அதனால் நீண்ட வழியில் போனோம். இந்த மென்பொருளில் உறுதி செய்த சரக்குச் சீட்டின் எண்ணிக்கையை அழித்து எழுத முடியாது. ரத்து செய்து, திருத்திய சீட்டைப் புதிதாகப் போட வேண்டும். வரவை முதலில் ரத்து செய்தால் ஸ்டாக் பூஜ்யத்துக்குக் கீழே போகும் என்று தடுக்கும். ஆகவே கடைசியாகக் கொடுத்த சீட்டிலிருந்து பின்னோக்கி ஒவ்வொன்றாக ரத்து செய்து, மறுபடி முன்னோக்கிப் போட்டோம். அரை நாள் வேலை.

முடிந்ததும் முதலாளியிடம் போய், "தப்பு என்னோடதுங்க" என்றேன். அவர் பத்து காஸ்டிங்கைத் தானே ஒரு முறை எடை போட்டுப் பார்த்தார். பிறகு சாவியை எடுத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பி, மாமா வீட்டுக்கே போனார். அங்கே என்ன பேசினார்களோ, மத்தியானம் மாமா ஸ்டோரில் இருந்தார்.

என்னிடம் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் அவரே வந்து, "தம்பி, உன் பொட்டியில என் நோட்டு மாதிரி ஒரு பக்கம் வருமா? இங்கிலீஷ் வேண்டாம்" என்றார். அதைச் செய்வதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. மாற்றும் உரிமையை உரிமமே கொடுத்திருக்கிறதே! தமிழ்த் திரை போட்டோம். பொருந்தாத சொற்களை எடுத்துவிட்டு 'சலான்', 'பாக்கி', 'கழிவு' என்று பட்டறைச் சொற்களை வைத்தோம். வந்த பீஸை எண்ணிப் போட ஒரு கட்டம், எடைக்குத் தனிக் கட்டம். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் சிவப்பில் காட்டும். அந்த யோசனை மாமாவுடையது.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். நண்பர்களே, இனி நீங்கள் எந்தக் கம்பெனிக்கு மென்பொருள் செய்யப் போனாலும், கீபோர்டைத் தொடும் முன் அங்கே நோட்டு எழுதுகிறவரிடம் ஒரு நாள் உட்காருங்கள். லேத்தில் நிற்கிறவரிடமும் கேளுங்கள். நிரல் திறந்திருந்தால் மட்டும் போதாது, நம் காதும் திறந்திருக்க வேண்டும்.

அந்தப் பட்டறையில் இன்றும் தேடினால் அந்தப் பழைய வரவுச் சீட்டு, 'ரத்து' என்ற குறியோடு, போட்டவர் என்ற இடத்தில் என் பெயரோடு இருக்கும். அதன் கீழே அதே எண்ணில் கடைசியில் ஒன்று சேர்த்து, திருத்திய சீட்டு இருக்கும். அழிக்க முடியவில்லையே என்று முதலில் வருத்தப்பட்டேன். இப்போது அது அங்கேயே இருக்கட்டும் என்று தோன்றுகிறது.

- மூன்றாமாண்டு கணினிப் பொறியியல் மாணவன்