மௌனம் சம்மதம் அல்ல

மைசூர் தேவராஜ மொஹல்லா. மார்க்கெட்டின் மல்லிகை வாசம் எட்டும் தூரத்தில் ஒரு மாடி வீடு. கோர்ட்டில் முப்பது வருடம் வாக்குமூலங்களை டைப் அடித்து ஓய்வு பெற்ற தமிழர் ஒருவர், பேரனுடன் படம் பார்க்கிறார். 2026இல் வெளியான ஹாலிவுட் படம் 'மெர்ஸி'. மனைவியைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்ட போலீஸ் அதிகாரி நாற்காலியில் கட்டுண்டு கிடக்கிறார். எதிரே நீதிபதியாக ஒரு செயற்கை அறிவு. நிரபராதி என நிரூபிக்க 90 நிமிட அவகாசம். தவறினால் மரண தண்டனை.

"வாய்தாவே கிடையாது, பாருங்க தாத்தா!" பேரனுக்குக் குஷி. அவனைக் குறை சொல்வதற்கில்லை. 2022 இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்களில் நான்கில் மூவர் விசாரணைக் கைதிகள்.

தாத்தாவை உறுத்தியது வேறு. "அந்த ஆள் வாயே திறக்காம இருந்தா?"

இது வெறும் சினிமாக் கேள்வி அல்ல. தலையில் மின்முனைகளைப் பொருத்தி, குற்றத்தை வர்ணிக்கும் வாக்கியங்களை ஒலிக்கவிட்டு, அந்த அனுபவம் நினைவில் இருக்கிறதா என்று மூளை அலைகளைக் கொண்டு சொல்லும் சோதனையை உருவாக்கியவர், பெங்களூர் நிம்ஹான்ஸில் பணியாற்றிய சி.ஆர். முகுந்தன். சோதிக்கப்படுபவர் பேசவே வேண்டாம். 2008இல் புனே நீதிமன்றம் ஒன்று இதன் முடிவையும் ஆதாரமாக ஏற்று ஒரு பெண்ணுக்கு ஆயுள் தண்டனை விதித்தது.

கடிவாளம் போட்டதும் கர்நாடகத்திலிருந்து போன வழக்குதான். 'செல்வி எதிர் கர்நாடக மாநிலம்' வழக்கில் 2010 மே 5 அன்று உச்ச நீதிமன்றம் திட்டவட்டமாகச் சொன்னது: மூளைச் சோதனை, பொய் கண்டறியும் சோதனை, மயக்க மருந்துச் சோதனை எதையும் யார் மீதும் திணிக்கக் கூடாது. சம்மதித்தே உட்கார்ந்தாலும், முடிவு தன்னளவில் சாட்சியம் ஆகாது. தனக்கெதிராகச் சாட்சி சொல்லும்படி குற்றம் சாட்டப்பட்டவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது அரசியல் சட்டத்தின் 20ஆவது பிரிவு. படத்திலோ எல்லாம் தலைகீழ். குற்றத்தை அரசு நிரூபிக்க வேண்டியதில்லை. சும்மா இருப்பவன் செத்தான்.

செயற்கை அறிவைத் தீர்ப்பு முடிவு செய்யப் பயன்படுத்தக் கூடாது என்று 2025 ஜூலையில் கேரள உயர் நீதிமன்றம் கீழ் நீதிமன்றங்களுக்குக் கட்டளையிட்டது.

பெரியவருக்கு ஒரு பழைய திருட்டு வழக்கு ஞாபகம் வருகிறது. விசாரணை முழுக்க வாய் திறக்காத ஒரு வேலைக்காரப் பெண். அவள்தான் எடுத்திருப்பாள் என்று கோர்ட்டில் எல்லோரும் நினைத்தார்கள், டைப் அடித்த அவரும்தான். போலீஸிடம் ஆதாரம் போதவில்லை, நீதிபதி விடுவித்தார்.

அவள் எடுத்தாளா என்பது இன்றுவரை அவருக்குத் தெரியாது. தீர்ப்பு தப்பு என்று மட்டும் ஒரு நாளும் தோன்றியதில்லை.