கைப்பலம்

கனடாவில் வீட்டு மின்வேலை செய்கிற எவருடைய பையிலும் ஒரு கைப்பிடி பிளாஸ்டிக் தொப்பிகள் கிடக்கும். நாங்கள் மரெற் என்போம். அமெரிக்காவில் வயர் நட் என்பார்கள். தொப்பிக்குள் கூம்பாகச் சுற்றிய ஓர் உலோகச் சுருள் இருக்கும். உறை உரித்த செப்புக் கம்பிகளின் நுனிகளைச் சேர்த்துப் பிடித்து, தொப்பியை மேலே வைத்துத் திருகினால் சுருள் அவற்றைக் கவ்விக்கொள்ளும். இந்தச் சின்னச் சாமானைத் திருகப் பெண்ணின் கை போதுமா என்ற கேள்விக்கு நடுவில்தான் நான் தொழில் பழகினேன்.

ஒன்ராறியோவில் எலெக்ட்ரிசியன் ஆவதற்கு 9,000 மணித்தியாலம் பயிலுநராக இருக்க வேண்டும். முப்பத்து நான்கு வயதில், இரண்டு பிள்ளைகளுக்குத் தாயாக, அந்தக் கணக்கைத் தொடங்கினேன். நான் வேலை செய்த ஒரு தளத்தில் ஆறு பயிலுநர்கள். நான் மட்டும் பெண். மாலையில் போர்மன் வந்து நான் மூடிய பெட்டிகளைத் திறப்பார். கம்பிகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்ப்பார். மற்ற ஐவருடைய பெட்டிகளை அவர் திறந்ததில்லை. கேட்டபோது, பெண்களுக்குக் கைப்பலம் குறைவு, பாதுகாப்புக்காகத்தான் பார்க்கிறேன் என்றார். என் இணைப்புகளில் ஒன்றும் கழன்று வரவில்லை. அதற்காக அவர் சோதனையை நிறுத்தவுமில்லை.

சோதனை தவறு என்று நான் சொல்லமாட்டேன். தளர்ந்த இணைப்பு பொல்லாதது. கம்பிகள் சரியாகத் தொடாத இடத்தில் மின்தடை கூடும், சூடேறும், பொறி பறக்கும், பிளாஸ்டிக் கருகும். இவ்வளவு நடந்தும் சாதாரண பிரேக்கர் விழாது. கூடுதலான மின்னோட்டம் வந்தால்தான் அதற்குத் தெரியும். இங்கே ஓட்டம் அளவோடுதான் இருக்கிறது. சுவருக்குள் நெருப்புப் பிடிக்கும் வரை எல்லாம் ஒழுங்காக இருப்பதுபோலவே தோன்றும். ஆகவே ஒருநாள் போர்மனிடம் சொன்னேன்: பாதுகாப்புத்தான் காரணம் என்றால் எல்லாருடைய பெட்டிகளையும் திறப்போம், நானும் கூட வருகிறேன். அன்று இரண்டு இணைப்புகள் கையோடு கழன்று வந்தன. இரண்டும் எங்களில் மிகப் பலசாலியான பையனுடையவை.

அவனுக்குப் பலம் இல்லையா? இருந்தது. கம்பிகளுக்குப் பொருந்தாத பெரிய மரெற்றை எடுத்து, முழுப் பலத்தையும் போட்டுத் திருகியிருந்தான். சுருளுக்குக் கவ்வ எதுவும் அகப்படவில்லை.

ஒரு மரெற் நம்பிக்கையானதா என்பதை வாங்கும்போதே பாதி தீர்மானிக்கலாம். முதலில் சிஎஸ்ஏ போன்ற அங்கீகாரக் குறி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு பெட்டியில் உள்ள அட்டவணை: எந்தத் தடிப்புக் கம்பி, குறைந்தது எத்தனை, கூடியது எத்தனை. நிறத்தை நம்பக்கூடாது. ஒரு கொம்பனியின் மஞ்சளும் இன்னொன்றின் மஞ்சளும் ஒரே அளவைக் கவ்வ வேண்டும் என்று கட்டாயமில்லை. உரிக்கும் நீளமும் அதே பெட்டியில் இருக்கும். பலபுரிக் கம்பியை ஒற்றைக் கம்பியோடு சேர்க்கும்போது பலபுரியைச் சற்று முன்தள்ளிப் பிடிக்க வேண்டும். திருகி முடித்தபின் தொப்பிக்குக் கீழே செப்புத் தெரியக்கூடாது. கடைசியாக, ஒவ்வொரு கம்பியையும் தனித்தனியாக இழுத்துப் பார்க்க வேண்டும். இவற்றில் வாசிப்பு உண்டு, அளவு உண்டு, பொறுமை உண்டு. பலத்துக்குரிய பங்கு கொஞ்சம்தான். அதையும் சுருளே பெரும்பாலும் செய்துவிடும்.

இந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. ஸ்கொட்லாந்திலிருந்து கனடாவுக்கு வந்த வில்லியம் மார் என்பவரின் பெயரிலிருந்துதான் மரெற் வந்தது. அந்தக் காலத்தில் வீடுகளில் கம்பிகளை ஈயப்பற்று வைத்தே இணைத்தார்கள். உருக்கிய பற்றை மரவீடுகளுக்குள் கொண்டுபோக வேண்டும். தீப்பிடிக்கும் ஆபத்து எப்போதும் கூடவே இருந்தது. 1914இல் மார் பற்று இல்லாமல் கம்பிகளைப் பிடிக்கும் இணைப்பானைச் செய்தார். முதலில் திருகாணி வைத்தது. சுருள் வைத்த தொப்பி பிறகு வந்தது. ஆக, இன்று ஆண்மையின் அளவுகோலாகிவிட்ட இந்தத் தொப்பி, ஒரு கடினமான வேலையை இலகுவாக்கப் பிறந்தது.

இதை நினைவில் வைத்திருப்பது எனக்கு உதவியது. வாகோ என்ற ஜெர்மன் கொம்பனியின் நெம்பு இணைப்பான்கள் இப்போது இங்கே எங்கும் கிடைக்கின்றன. செம்மஞ்சள் நெம்பைத் தூக்கி, கம்பியைச் செருகி, அழுத்தி மூடினால் முடிந்தது. உறை கண்ணாடிபோல இருப்பதால் கம்பி அடிவரை போனதா என்பது தெரியும். விலை மரெற்றைவிடக் கூட. நான் அதை முதலில் வாங்கியபோது, பெண்களுக்கான சாமான் என்று கூட வேலை செய்தவர்கள் சிரித்தார்கள். சிரித்தவர்களில் இருவர் இரவில் மணிக்கட்டில் பட்டி கட்டிக்கொண்டு படுப்பவர்கள். வருடக்கணக்காகத் திருகி அவர்களுடைய கைகள் விறைத்துப்போயிருந்தன. அதைச் சொல்ல அவர்களுக்கு வெட்கம். புதுக் கம்பிகளுக்கு இன்றும் எனக்கு மரெற்தான். பழைய பெட்டியில் கம்பி கட்டையாக இருந்து விரல் நுழைய இடமில்லையென்றால் நெம்பு.

யாழ்ப்பாணத்தில் 1990க்குப் பிறகு எங்களுக்கு மின்சாரம் இல்லை. குப்பி விளக்கில் படித்தோம். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வந்த கரண்டில் றேடியோச் செய்தி கேட்டோம். தம்பி சுற்றுவான். வயர்களை முறுக்கிச் சேர்ப்பது என் வேலை. அறுந்தால் திரும்பச் சேர்ப்பதும் நான்தான். அப்போது என் விரல்களைப் பற்றி ஒருவரும் கேள்வி கேட்கவில்லை. பிறகு வீட்டுக்குக் கரண்ட் வந்த அன்று அப்பா சொன்னார்: “இனிப் பொம்பிளைப் பிள்ளையள் வயரிலை கை வைக்கக் கூடாது.” தம்பிக்கு அந்தத் தடை இல்லை. 230 வோல்ட் அவனையும் அடிக்கும் என்பதை நான் அப்பாவிடம் சொல்லவில்லை.

இப்போது தனியாகத் தொழில் செய்கிறேன். போன மாரியில் ஸ்காபரோவில் ஒரு வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்த அம்மா என் பின்னால் எட்டிப் பார்த்தார். “உங்கட அவர் வரேல்லையோ, பிள்ளை?”

“நான்தான் எலெக்ட்ரிசியன், அன்ரி.”

விறாந்தை லைற் விட்டு விட்டு எரிகிறது என்றார். 1970 அளவில் கட்டிய வீடு. அந்தக் காலத்து வீடுகள் பலவற்றில் அலுமினியக் கம்பிதான். பிரேக்கரை அணைத்து, கரண்ட் இல்லை என்று மீற்றரில் உறுதிசெய்தபின் பெட்டியைக் கழற்றினேன். விளக்கின் செப்பு வயரையும் வீட்டின் அலுமினியக் கம்பியையும் யாரோ சாதாரண மரெற்றால் சேர்த்திருந்தார்கள். தொப்பி கபில நிறமாகிக் கருகியிருந்தது. அலுமினியத்தின் மேல் படியும் ஒட்சைட்டு மின்சாரத்தை மறிக்கும். சூட்டில் அது செப்பைவிடக் கூடுதலாக விரியும். நாளாக நாளாக இணைப்புத் தளரும். இரண்டு உலோகங்களுக்கும் ஏற்றது என்று குறியிட்ட இணைப்பானைத்தான் போட வேண்டும்.

நான் போட்டது கம்பிக்கொரு திருகாணி கொண்ட வகை. எவ்வளவு இறுக்க வேண்டும் என்பதை அதன் தாளில் எண்ணாகவே போட்டிருப்பார்கள். அளவு காட்டும் ஸ்க்ரூ டிரைவரால் அந்த எண் வரும்வரை இறுக்க வேண்டும். அலுமினியம் மெதுவான உலோகம். கூடுதலாக இறுக்கினால் கம்பி நசிந்து முறியும். பலசாலியும் அந்த எண்ணில் நிறுத்தத்தான் வேண்டும்.

கரண்ட் கொடுக்குமுன் அந்த அம்மாவைக் கூப்பிட்டுக் கம்பியை இழுத்துப் பார்க்கச் சொன்னேன். தயங்கி, பிறகு நன்றாகவே இழுத்தார். அசையவில்லை. கருகிய தொப்பியைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே கேட்டார்:

“மற்றப் பெட்டியளையும் திறந்து பாக்க வேணுமோ?”

“எல்லாத்தையும் பாக்க வேணும், அன்ரி” என்றேன்.