கிடாரும் என் இடது கையும்



"சார், கிடார் வீடியோ ஏன் நின்னு போச்சு?" என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். காரணம் என் கை. போன ஆடியிலிருந்து காலையில் எழுந்தால் விரல்கள் மடங்குவதில்லை. சட்டைப் பொத்தான் போட ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். பாலக்கோட்டிலிருந்து தருமபுரி போய் ரத்தம் கொடுத்துப் பார்த்ததில் முடக்குவாதம் என்றார்கள். வயதானால் வரும் மூட்டுத் தேய்மானம் அல்ல இது. உடம்பின் எதிர்ப்பு சக்தியே மூட்டைத் தாக்குவது. மெத்தோட்ரெக்சேட் மாத்திரை வாரத்தில் ஒரே நாள்தான், எனக்கு ஞாயிறு. (தினமும் போட்டால் ஆபத்து. சொந்தத்தில் யாருக்காவது எழுதிக் கொடுத்தால் இதை மறக்காதீர்கள்.)

கிடாரைப் பரண் மேல் வைத்துவிடுங்கள் என்றார் வீட்டம்மா. ஓய்வு பெற்ற பிறகு ஆசைப்பட்டுக் கற்றது அது ஒன்றுதான். மனசு வரவில்லை.

பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் ஸ்கேலை வைத்துப் பார்த்தேன். ஆறாவது தந்தி 5 மி.மீ. உயரத்தில் நின்றது. கிளாசிக்கல் கிடாருக்கு 4 மி.மீ. போதும். வீங்கிய விரல் ஒவ்வொரு முறையும் அந்த அதிகப்படி உயரத்தையும் அழுத்திக்கொண்டிருந்தது.

தந்தியைத் தாங்கும் வெள்ளைத் துண்டுக்கு சேடில் என்று பெயர். பன்னிரண்டாவது ஃப்ரெட் தந்தியின் நடுப்புள்ளி. எனவே அங்கே 1 மி.மீ. இறங்க, சேடிலில் 2 மி.மீ. தேய்க்க வேண்டும். வடிவொத்த முக்கோணம்தான், பத்தாம் வகுப்பு. "அளந்துட்டு வெட்டு" என்று லேபில் உங்களைத் திட்டியே காலம் தள்ளியவன், உப்புத்தாள் கையில் வந்ததும் 3 மி.மீ. தேய்த்துவிட்டேன்! பேஸ் தந்திகள் ஃப்ரெட்டில் உரசி இரைந்தன. பழைய ஏடிஎம் கார்டில் ஒரு கீற்று வெட்டி அடியில் வைத்தேன். அதன் தடிமன் முக்கால் மி.மீ., உயரம் ஏறக்குறைய சரியாகிவிட்டது. ஆனால் ஒலி மந்தம். பிறகு மகன் பெங்களூரிலிருந்து எலும்பு சேடில் வாங்கி வந்தான். இந்த முறை வெர்னியரால் அளந்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்தேன். ஒலி தெளிந்தது.

சுரமானிப் பரிசோதனை நினைவிருக்கிறதா? அதிர்வெண், இழுவிசையின் வர்க்கமூலத்துக்கு நேர்த்தகவு. ஆறு தந்திகளையும் அரைக்கட்டை இறக்கினால் இழுவிசை 11 சதவீதம் குறையும். அதோடு 'லோ டென்ஷன்' நைலான் தந்தியும் மாட்டினேன். பாட்டோடு சேர்ந்து வாசிக்க முதல் ஃப்ரெட்டில் கேப்போ. தளர்ந்த தந்தி அதிகம் ஆடும், பலமாக மீட்டினால் உரசும். அதனால் மெதுவாகத்தான் வாசிக்கிறேன். கேட்பவர் அடுப்படியில் இருக்கிற ஒருவர்தான், போதும்.

ஜாங்கோ ரைன்ஹார்ட் என்ற கலைஞருக்கு 1928 தீ விபத்தில் இடது கையின் இரண்டு விரல்கள் ஏறக்குறைய செயலிழந்தன. மீதி இரண்டு விரல்களை வைத்துத்தான் அந்த வேகத்தில் வாசித்தார். இரவில் தூக்கம் வராதபோது அவர் பதிவுகளைக் கேட்கிறேன். என்னால் அதெல்லாம் ஆகாது.

இப்போது மாலை நான்கு முதல் ஐந்து வரை வாசிக்க முடிகிறது. மார்கழிக் குளிரில் மூன்று நாள் கிடாரைத் தொடவே இல்லை. சுண்டு விரல் இன்னும் சொன்ன பேச்சு கேட்பதில்லை. பார் கார்டு முழுசாக விழ மாட்டேன் என்கிறது.

வீடியோ ஞாயிறு வராது. அன்று மாத்திரை, மறுநாள் குமட்டல். செவ்வாய்க்கிழமை பார்க்கலாம்.